மேற்படி வீடு

பெரிய தீர்மானங்கள் எல்லாம் ராஜநாயகத்துக்கு வாயில் ஏதாவது இருக்கும்போதுதான் வரும். வாய் காலியாக இருந்தால் பேசத் தோன்றும். பேசினால் அந்தோனியம்மா பதில் சொல்லுவாள். அவள் பதில் சொன்ன பிறகு தீர்மானம் என்று ஒன்று மிச்சம் இருக்காது.

அன்றைக்கு வாயில் இருந்தது பருப்பு வடை. தட்டில் வடைக்கு அடியில் எண்ணெய் உறிஞ்ச ஒரு காகிதம். காகிதத்தில் அச்செழுத்து. வடையை ஓரமாக நகர்த்திவிட்டுப் படித்தார்.

'அன்றாட ஆங்கிலம். கல்யாணம் பேச, வீடு வாங்க. சனி, ஞாயிறு பின்னேரங்களில். ஒஸ்வல்ட் மாஸ்டர், ரயில் பாதைக்குப் பக்கம், உக்குவளை.'

வடையை விழுங்கினார்.

"அந்தோனியம்மா! கடவுள் வழி காட்டிட்டாரு!"

"வடையிலயா?"

"சிரிக்காத. நான் இங்கிலீஷ் படிக்கப் போறேன்."

"முப்பது வருசமா இங்கிலீஷ்லதானே சம்பளம் வாங்குனீங்க?"

"அது எழுதுற இங்கிலீஷ். இது பேசுற இங்கிலீஷ்."

"சரிங்க. படிங்க. இன்னொரு வடை வைக்கட்டா?"

அவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் இன்னொரு வடை வந்துவிட்டதால் அதைப் பற்றி அவர் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ராஜநாயகம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர். கொக்கோவும் மிளகும் கொஞ்சம் றப்பரும் உள்ள தோட்டம். அவர் தட்டச்சில் அடித்த இங்கிலீஷைக் கண்டு கொழும்புத் தலைமைக் காரியாலயமே நடுங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டு வருவது யாதெனில்' என்று அவர் ஆரம்பித்தால் அது முடிவதற்குள் வாசிப்பவருக்குத் தேநீர் ஆறிவிடும். காகிதத்தில் அவர் சிங்கம். வாயைத் திறந்தால் மட்டும் இரண்டே சொல். யெஸ், சார். ஐந்து துரைமார் வந்து போய்விட்டார்கள். ஐந்து பேருக்கும் அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

இங்கிலீஷைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தமே இருந்தது. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார்.

"தமிழ்ல குடுக்குற வாக்கு இருக்கே, அது காலையில பேர் கூப்புடுற பெரட்டுக் களத்தோட சரி. துரை தமிழ்ல 'லயத்து வீடுகளுக்குக் கூரை போட்டுத் தாறேன்'னு சொல்லுவாரு. கூரை வருமா? வராது. ஆனா இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லிட்டா அது சொன்னதுதான். கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்த மலைகளில் சனங்களின் தலைவிதி எந்தப் பாஷையில் எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும். பல தடவை அதைத் தட்டச்சில் அடித்தவரே அவர்தான்.

அது சண்டை நிறுத்தம் வந்த காலம். தம்புள்ளையில் ஏற்றிய கத்தரிக்காய் யாழ்ப்பாணம் வரைக்கும் வாடாமல் போய்க்கொண்டிருந்தது. சோதனைச் சாவடி மணல் மூட்டைகளில் புல் முளைத்தது. சமாதானம் நாட்டுக்கு என்ன கொண்டு வந்ததோ இல்லையோ, வெளிநாட்டு மாப்பிள்ளைகளைக் கொண்டு வந்தது. அப்படித்தான் ராஜநாயகத்தின் ஒரே மகள் மெட்டில்டாவுக்கும் கனடாவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் தங்கமான பையன், வேதக்காரக் குடும்பம், பூர்வீகம் கண்டிப் பக்கம். டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறார்கள்.

அதே டிசம்பரில் ராஜநாயகத்துக்குப் பென்ஷன் வயது. தோட்டத்துக் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் மாதா மாதம் பிடித்த சேமலாப நிதி கையில் வரும். அது ஒரு வேலைக்குத்தான் காணும். ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் வீடு.

ராஜநாயகம் கல்யாணத்தின் கட்சி.

"கண்டியில பெரிய ஹோட்டல். பேண்ட் வாத்தியம். சம்பந்தி வந்து எறங்குன ஒடனே நான் இங்கிலீஷ்ல ஒரு வரவேற்புரை. சனம் அசந்து போயிரும்."

"அசந்து போன சனம் எந்திரிச்சு அவங்கவங்க வீட்டுக்குப் போயிரும். நம்ம எங்க போறது?"

"மாத்தளையில ரெண்டு அறை வாடகைக்கு எடுப்போம். கொஞ்ச நாள்தான். பொறகு மெட்டில்டா நம்மள கனடாவுக்குக் கூப்புட்டுருவா."

"போய்?"

"போய் இருக்குறதுதான்."

"மருமகன் வீட்டு வாசல்ல, கழட்டிப் போட்ட சப்பாத்துக்குப் பக்கத்துலயா?"

அந்தோனியம்மா வீட்டின் கட்சி. அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் அடிக்கடி சொல்ல மாட்டாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு, கைக்குழந்தையோடு கொக்கோ மரங்களுக்குள் பதுங்கி இருந்தார்கள். திரும்பி வந்தபோது பூட்டு இருந்தது. கதவு இல்லை. கொஞ்ச நாளில் காரியாலயத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக்குச் சொந்தமான கதவு காணாமல் போனது எவ்வாறு என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நல்ல இங்கிலீஷ். துரை சொல்லச் சொல்லத் தட்டச்சில் அடித்தவர் ராஜநாயகம். 'பணிவன்புடன் அறியத் தருவது' என்று பதில் எழுதியவரும் ராஜநாயகம்.

"எனக்குன்னு ஒரு கதவு வேணுங்க," என்றாள் அந்தோனியம்மா. "ஒடைச்சாலும் அது என் கதவா இருக்கணும்."

"கதவா முக்கியம்? கௌரவம் முக்கியம்!" என்றார் ராஜநாயகம்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால், தான் ஜெயித்துவிட்டதாக ஒரு கணக்கு அவருக்கு. இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை என்பதை அவர் கவனித்ததும் இல்லை.

ஒஸ்வல்ட் மாஸ்டரின் வகுப்பு அவருடைய வீட்டு முன் மண்டபத்திலேயே நடந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை. வாசலில் ஒரு சாதிக்காய் மரம். வேலிக்கு அப்பால் ரயில் பாதை. பெரிய பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்றவர் மாஸ்டர். மெல்லிய மனுஷர். அவருடைய மனைவி சூசையம்மா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுப்பாள். கோயிலில் பூசைக்கு உட்காரும்போது அந்தோனியம்மாவுக்குப் பக்கத்து வாங்கு அவளுக்கு.

வகுப்பில் நடுவயது மாணவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதில் முக்கியமானவர் லாபிர் முதலாளி. பலாபத்வளைப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவும் ஏலமும் காட்டுகிற ஸ்பைஸ் கார்டன் ஒன்று அவருக்கு இருந்தது. சமாதானத்தில் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும் அவரும் இங்கிலீஷுக்கு வந்துவிட்டார்.

முதல் பாதி கல்யாணப் பாடம். அதில் ராஜநாயகம்தான் ராஜா. மணமகன், மணமகள், விருந்தினர் என்று எல்லாச் சொல்லையும் மூன்று நாளில் விழுங்கினார். விழுங்கியதை வீட்டில் வந்து கக்கினார்.

"அந்தோனியம்மா, நீதான் சம்பந்தி. கனடாவில இருந்து இப்பத்தான் எறங்குற. வெல்கம்! ஹவ் வாஸ் யுவர் ஜேர்னி?"

"சோறு வடிக்கிறேன்."

"அது பதில் இல்ல. ஃபைன், தேங்க் யூன்னு சொல்லணும்."

"கஞ்சி கால்ல கொட்டிரும், தள்ளி நில்லுங்க. ஃபைன் தேங்க் யூ."

"இந்த ஏழை வீட்டுக்கு எழுந்தருளியதுக்கு நன்றின்னு நான் இப்ப சொல்லுவேன்."

"எந்த வீட்டுக்கு?"

இப்படித்தான். எந்தப் பாடத்தை எடுத்தாலும் அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவாள்.

இரண்டாவது பாதி வீடு வாங்குகிற பாடம். ராஜநாயகத்துக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வாங்காத வீட்டுக்கு எதற்கு இங்கிலீஷ்? மாஸ்டர் 'எத்தனை அறைகள் உள்ளன' என்று கற்பிக்கும்போது இவர் ஜன்னலால் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மாஸ்டர் திடீரென்று திரும்பி, இங்கிலீஷில், "மிஸ்டர் ராஜநாயகம், இந்த வீட்டில் எத்தனை அறைகள் வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

ராஜநாயகம் எழுந்து நின்றார். வாய் தானாகத் திறந்தது.

"யெஸ், சார்."

வகுப்பு சிரித்தது. லாபிர் முதலாளி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அது அந்தோனியம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை, பக்கத்து வாங்குதானே.

"லாபிர் முதலாளிதான் வீட்டுப் பாடத்துல மொதலாவதாமே?" என்றாள், கீரை ஆய்ந்தபடி.

"யாரு சொன்னா?"

"சூசையம்மாதான். நீங்க கடைசியாம்."

"அவ... அவங்களுக்கு என்ன தெரியும்?"

"வாற சனிக்கிழமை பிராக்டிகலாம். மாஸ்டர் வீட்டுக்காரரு மாதிரி இருப்பாராம். ஒவ்வொருத்தரா போய் நெசமா வீடு வாங்குற மாதிரியே பேசணுமாம். மொத ஆளு நீங்கதானாம்."

"நெசம் மாதிரியா?"

"அச்சு அசலா நெசம் மாதிரி. வெத்தில குடுத்து, அட்வான்ஸ் குடுத்து, எல்லாம். நடுவுல சிரிச்சா பெயில். தமிழ்ல ஒரு வார்த்தை வந்தாலும் பெயில். 'இது பாடம்தானே மாஸ்டர்'னு கேட்டா அதுக்கு மேல பெயில்."

ராஜநாயகத்தின் மீசை நிமிர்ந்தது.

"வெத்திலைக் கட்டு வாங்கி வை."

"வாங்கியாச்சு."

"அட்வான்ஸ் கவருக்குள்ள பழைய பேப்பர வெட்டி வை."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க இங்கிலீஷ மட்டும் பாருங்க."

அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் வெறி பிடித்தவர்போலப் படித்தார். குவார்ட்டர்ஸின் குசினிச் சுவரைத் தட்டி வெடிப்பைக் குறை சொன்னார், கிணற்றடியில் நின்று தண்ணீரின் ஆழத்தை இங்கிலீஷில் விசாரித்தார். கோழிக்கூட்டைப் பார்த்து 'இதுவே தங்களின் இறுதி விலையா?' என்று கேட்டார். கோழி பதில் சொல்லவில்லை. விலை குறைந்தது என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. ராஜநாயகம் கோட்டு போட்டிருந்தார். அந்தோனியம்மா வெற்றிலைத் தட்டோடு பின்னால் வந்தாள். மண்டபத்தில் மாணவர்கள் உட்காரும் வழக்கமான கதிரைகள் இல்லை. மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். லாபிர் முதலாளி மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டும் அல்லவா? பிராக்டிகல் என்றால் பிராக்டிகல்தான் என்று ராஜநாயகம் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

இனி நடந்தது முழுக்க இங்கிலீஷில். ராஜநாயகத்தின் இங்கிலீஷைத் தமிழில் கொண்டுவந்தால் இப்படித்தான் இருக்கும்.

"மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் மேற்படி வீட்டை விற்கக் கருதியுள்ளதாக அறியக் கிடைத்துள்ளது. அது தொடர்பாக இன்றைய தினம் நேரில் சமூகமளித்துள்ளேன்."

"வாருங்கள், வாருங்கள். உண்மைதான். மகள் ஆஸ்திரேலியாவுக்கு வரச் சொல்லி நிற்கிறாள். எங்களுக்கும் வயதாகிவிட்டது. நீங்கள் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்."

என்ன கற்பனை! ஆஸ்திரேலியாவாம்! ராஜநாயகம் சிரிப்பை அடக்கிக் கொண்டார். சிரித்தால் பெயில்.

"மேற்படி கூரையில் உடைந்த ஓடுகள் அவதானிக்கப்படுகின்றன."

"ஆம். மூன்று, நான்கு இருக்கும்."

"மேற்படி குசினியில் புகை அவதானிக்கப்படுகிறது."

குசினிக்குள் நின்ற சூசையம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அடுப்பையும் சுவரையும் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். ராஜநாயகம் பிரமித்துப் போனார். இந்த அம்மா நாடகத்துக்குப் போயிருந்தால் எங்கேயோ போயிருப்பார்!

விலைக்கு வந்தார்கள். மாஸ்டர் ஒரு விலை சொன்னார்.

வாழ்க்கையில் ஒரு தடவைகூட ராஜநாயகம் பேரம் பேசியதில்லை. துரை சொன்ன சம்பளம், கடைக்காரர் சொன்ன விலை, எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அதே இரண்டு சொல். ஆனால் இன்றைக்கு வீடும் பொய், காசும் பொய். பொய்க் காசுக்கு என்ன பயம்? கோட்டுக்குள் இருந்து யாரோ ஒரு புது மனுஷர் வெளியே வந்தார்.

"அது சாத்தியமற்றது!" என்று மேசையைத் தட்டினார். "பாதி!"

மாஸ்டர் திடுக்கிட்டார். கொஞ்சம் இறங்கினார். ராஜநாயகம் உடைந்த ஓட்டைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் இறங்கினார். கிணற்றைக் காட்டினார். மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து மாத்தளை ரயில் வேலியோரமாகக் கடகடவென்று போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. ரயில் முழுக்கப் போய் முடியும் வரைக்கும் ராஜநாயகம் ஒரு விரலை உயர்த்தியபடியே நின்றார். சத்தம் அடங்கியதும் கேட்டார்:

"மேற்படி ரயிலுக்காக எவ்வளவு குறைப்பீர்கள்?"

லாபிர் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அவர் காதுக்குள் தமிழில் சொன்னார்:

"கிளாக்கர் ஐயா, மனுஷன் பாவம். வெளையாட்டில்ல. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

பார்த்தாயா, பெயிலாக்கப் பார்க்கிறான்! ராஜநாயகம் கையை ஓங்கினார்.

"நோ டமில், மிஸ்டர் லாபிர்! நோ டமில்!"

முதலாளி தொப்பியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் மாஸ்டர் கையை விரித்தார். அவர் சொன்ன கடைசி விலை முதலில் சொன்னதற்கு எவ்வளவோ கீழே இருந்தது. ராஜநாயகம் திரும்பி அந்தோனியம்மாவைப் பார்த்தார். அவள் தலையை ஒரு மயிரிழை அசைத்தாள். தட்டை நீட்டினாள். வெற்றிலைக் கட்டுக்கு மேல் கனமான ஒரு கவர். பேப்பரைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டி வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

இரண்டு கையாலும் எடுத்து, மாஸ்டரின் இரண்டு கையிலும் வைத்தார்.

"மேற்படி வீட்டை நான் வாங்குகிறேன். இது எனது இறுதியானதும் மாற்ற முடியாததுமான முடிவு. கடவுளும் மிஸ்டர் லாபிரும் சாட்சி."

மாஸ்டர் கவரைப் பிரித்துப் பார்க்காமலே மேசை மேல் வைத்தார். "இது நல்ல குடும்பத்துக்குப் போகிறது. அது போதும்," என்றார். குசினியில் சூசையம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஸ்ஸுக்குள், ராஜநாயகம் குனிந்து கேட்டார்.

"எப்படி? பாஸா?"

"பாஸ்தாங்க," என்றாள் அந்தோனியம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. "முழுப் பாஸ்."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நிற்கும்போது மாஸ்டர் நேராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல தெளிவான தமிழில் சொன்னார்:

"வாற புதன்கிழமை நொத்தாரிசு வரச் சொல்லியிருக்கிறார், ராஜநாயகம். உறுதிப் பத்திரம் எழுதிருவோம். பேரம் பேசுறதுல நீங்க பெரிய ஆள்தான். ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்லை."

ராஜநாயகம் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. ராஜநாயகம் சிரிப்பை நிறுத்தினார்.

"எந்த... எந்த உறுதி?"

"மேற்படி வீட்டு உறுதிதான்," என்றார் மாஸ்டர். அவருக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்குள் சனம் கூடிவிட்டது. "கிளாக்கர் வீடு வாங்கிட்டாராம்!" "மாஸ்டர் வீட்டையா?" "இங்கிலீஷ்லயே பேசி முடிச்சாராம்!" சுவாமியார் வந்து தோளில் தட்டினார். இத்தனை வருஷமும் 'கிளாக்கர்' என்று மட்டும் கூப்பிட்ட ஆட்கள் 'சார்' என்றார்கள். இல்லை என்று சொல்லத்தான் ராஜநாயகம் கையை உயர்த்தினார். அந்தக் கையையும் யாரோ பிடித்துக் குலுக்கினார்கள். வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"யெஸ். ஐ போட் த ஹவுஸ்."

குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்தார்.

"அது பாடம்னு சொன்னியேடி!"

"பாடந்தானே? படிச்சிட்டீங்கல்ல?"

"கவருக்குள்ள என்ன வச்ச?"

"என் சீட்டுப் பணம். மிச்சத்துக்குத்தான் உங்க சேமலாப நிதி வருதே."

"மாஸ்டர்கிட்ட என்ன சொன்ன?"

"சூசையம்மா மூலமா சொன்னேன். எங்க வீட்டுக்காரரு உங்க வீட்டைக் கேக்க ஆசப்படுறாரு, ஆனா இங்கிலீஷ்லதான் கேப்பாரு, தமிழ்ல பேச்செடுத்தா கௌரவக் கொறச்சலா நெனைப்பாருன்னு. பொய்யா அது?"

பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நெசம்னு சொல்லியிருந்தா நான் வாங்க மாட்டேன்னு நெனச்சியா?"

"வாங்க மாட்டீங்க. வாங்கினாலும் அவரு சொன்ன மொத வெலைக்கே 'யெஸ் சார்'னு குடுத்துட்டு வந்திருப்பீங்க." அந்தோனியம்மா முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள். "பொய்னு நெனைச்சாத்தாங்க உங்களுக்குத் தைரியம் வருது. நான் என்ன செய்ய?"

ராஜநாயகத்துக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஐந்து துரைமாரும் ஒரு நிமிஷம் வந்து போனார்கள்.

"நான் போய் மாஸ்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டு வாறேன். வெளையாட்டுக்குச் சொன்னேன்னு."

"போய்ச் சொல்லுங்க. இங்கிலீஷ்லதானே சொன்னீங்க? இங்கிலீஷ்லயே மாத்திச் சொல்லுங்க. மாத்தலாமா?"

போனார். உக்குவளை வரைக்கும் பஸ்ஸில் வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தார். கல்யாணப் பாடத்தில், சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க ஒரு வாக்கியம் இல்லை. வீட்டுப் பாடத்திலும் இல்லை. மாஸ்டரின் பாடத்தில் வாங்குவது மட்டும்தான் இருந்தது. வேலிப் படலையைத் திறந்து போய்ச் சாதிக்காய் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். மாஸ்டர் கண்டுவிட்டு, வாசலுக்கே வந்து கதவை அகலத் திறந்தார். நல்ல பலா மரக் கதவு. உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள் ஒரு முழம் இருக்கும்.

"சொல்லுங்கள், மிஸ்டர் ராஜநாயகம்."

ராஜநாயகம் கதவைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும், சார்?"

கல்யாணம் உக்குவளைக் கோயிலில் நடந்தது. விருந்து புது வீட்டு முற்றத்தில், சாதிக்காய் மரத்தைச் சுற்றிப் போட்ட பந்தலில். பேண்ட் வாத்தியத்துக்குப் பதிலாக இரண்டு தடவை ரயில் வந்தது. லாபிர் முதலாளி பிரியாணிச் சட்டியோடு வந்து, "இண்டைக்காவது டமில்ல பேசலாமா?" என்று அனுமதி கேட்டார்.

கனடாச் சம்பந்தி வந்து இறங்கினார். ராஜநாயகம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு முன்னால் போனார். நான்கு மாத உழைப்பு தொண்டைக்குள் நின்றது.

"வெல்கம்! ஹவ் வாஸ் யுவர்..."

சம்பந்தி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, மச்சான், தமிழ்ல பேசுங்க! அங்க பனியிலயும் இங்கிலீஷ்லயும் வெறைச்சுப் போய் வந்திருக்கேன். வாய் நெறையத் தமிழ் பேசத்தானே இத்தன தூரம் வந்தோம்!"

அதோடு வரவேற்புரை முடிந்தது. சம்பந்தி வீட்டுக்குள் போனார். அறை அறையாகப் பார்த்தார். முன் கதவின் நிலையை உள்ளங்கையால் தடவினார்.

"சொந்த வீடா?"

"ஆமாங்க," என்றார் ராஜநாயகம்.

"இதுதாங்க பெரிசு. நான் தோட்டத்துல பொறந்தவன். எங்கப்பா சாகுற வரைக்கும் ஒரு சொந்தக் கதவுக்கு அலைஞ்சாரு. ஹோட்டல் கீட்டல்னு செலவழிச்சிருவீங்களோன்னு நாங்க பயந்துகிட்டே வந்தோம். நீங்க யோசனைக்காரருங்க!"

ராஜநாயகம் யோசனைக்காரரைப்போல முகத்தை வைத்துக்கொண்டார். பக்கத்தில் அந்தோனியம்மா கீழே பார்த்தபடி தாம்பூலத் தட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

சனம் கலைந்த பின்னேரம், புதுக் குசினியில் அந்தோனியம்மா மிஞ்சிய மாவில் பருப்பு வடை சுட்டாள். பீங்கான் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ராஜநாயகம் கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது.

தட்டில் வடை மட்டும் இருந்தது. காகிதம் இல்லை.

கல்யாணமான நாளில் இருந்து எண்ணிப் பார்த்தார். அவள் சுட்ட வடை எப்போதும் இப்படித்தான் வரும், வெறும் தட்டில். இல்லாவிட்டால் வாழையிலையில்.

"அந்தோனியம்மா."

"ம்?"

"வடைக்கு அடியில நீ எப்பவாவது காகிதம் வச்சிருக்கியா?"

"ஒரே ஒரு தடவ வச்சேங்க."

"அது உனக்கு எங்க கெடச்சிச்சு?"

"சூசையம்மா குடுத்தா. வகுப்பு நோட்டீசக் குடுக்கிறப்பவே, வீட்ட விக்கப் போறோம், புரோக்கர்மாருக்குத் தெரியாம நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுன்னா. நானும் யாரு இருக்கான்னு யோசிச்சுப் பாத்தேன்."

ராஜநாயகம் கோட்டை மெதுவாகக் கழற்றினார்.

"அப்போ நான் இங்கிலீஷ் படிச்சது..."

"நீங்கதாங்க படிச்சீங்க. நான் எங்க படிச்சேன்?" அந்தோனியம்மா அடுத்த வடையைத் திருப்பிப் போட்டாள். "படிக்க வச்சேன்."

ராஜநாயகம் ஒரு வடையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். தீர்மானம் எதுவும் வரவில்லை.